காட்டுக்குள்ள போயிட்டு வந்த வண்டி என்ன சொல்லுது?

நம்ம காலேஜ்ல எந்த கிளாஸை எடுத்தாலும் திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரங்க ஒருத்தராவது இருப்பாங்க. "உங்க சொந்தத்துல யாராவது ரிக் வெச்சிருக்காங்களா?"ன்னு கேட்டுப் பாருங்க. மாமாவோ, பெரியப்பாவோ, யாரோ ஒருத்தர் நிச்சயமா வெச்சிருப்பாங்க. போர்வெல் ரிக்குக்கு இந்தியா முழுக்கப் பேர் போன ஊர் அது. அங்கிருந்து கிளம்புற வண்டிகள் ஆந்திரா, கர்நாடகா, மத்தியப் பிரதேசம்னு மாசக்கணக்கா வெளியிலேயே சுத்தும்.

ஆஃப்-ரோடுன்னு சொன்னா நமக்கு ரீல்ஸ்ல சேத்துல குளிக்கிற தார்தான் ஞாபகம் வரும். என்னைக் கேட்டா, சேலம் நாமக்கல் பக்கத்துல நிஜமான ஆஃப்-ரோடு வண்டி ரிக் லாரிதான். கொங்கு நாட்டுல 'காடு'ன்னா வனம் இல்ல, மழையை நம்பி விதைக்கிற நிலம். அந்தக் காட்டுல தேங்காயைக் கையில வெச்சு நீரோட்டம் பார்க்கிறவர் குறிச்சுக் கொடுக்கிற இடம் எப்பவுமே ரோட்டோரமா இருக்காது. வரப்பு, வாய்க்கால், உழுத மண்ணு எல்லாத்தையும் தாண்டி கடைசி மூலையிலதான் இருக்கும். பல டன் எடையோட லாரி அங்க போய், ராத்திரியெல்லாம் துளை போட்டு, அதுக்குள்ள மழையும் பெஞ்சிருந்தா, ஈர மண்ணுல திரும்பி வரணும்.

வந்த பிறகுதான் கதை. ரோட்டுக்கு ஏறினதும் பின்னாடி இருந்து 'டக்'குனு ஒரு சத்தம், இல்லேன்னா 40 கிலோமீட்டர் வேகத்துல ஒரு அதிர்வு. இதைக் கேட்ட உடனே ஹவுசிங்கைத் திறந்து கிரவுன் பினியனையே மாத்திடுறவங்க உண்டு. அது ரொம்பக் காசு பிடிக்கிற வேலை. சில சமயம் குற்றவாளி கையளவு இருக்கிற ஒரு கிராஸா இருக்கும். இன்னும் சில சமயம், சிரிக்காதீங்க, டயர் ரிம்முக்குள்ள காஞ்சு ஒட்டிக்கிட்ட மண்ணுக்கட்டியா இருக்கும். அதனால ஸ்பேனரை எடுக்கிறதுக்கு முன்னாடி எதை எப்படிப் பார்க்கணும்ங்கிறதுதான் இந்தக் கட்டுரை. லாரியை வெச்சுத்தான் சொல்றேன். ஜீப், கார்ல மாறுற இடங்களை அங்கங்கே சொல்லிடுறேன்.

டயர்தான் ஃபியூஸ்

முதல்ல, மண்ணுல ஏன் உடையுது? ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இன்ஜின் டார்க் 700 நியூட்டன் மீட்டர், ஃபர்ஸ்ட் கியர் ரேஷியோ 9, ஆக்ஸில் ரேஷியோ 6னு உதாரணத்துக்கு வெச்சுக்கோங்க. பெருக்கினா 37,800 நியூட்டன் மீட்டர். உராய்வு இழப்பை விட்டுட்டா இவ்வளவும் பின் ஆக்ஸிலுக்கு வருது. சாதாரண டிஃபரன்ஷியல் அதை ரெண்டா பிரிச்சு ஆளுக்கு 18,900னு கொடுக்கும்.

சேத்துல ஒரு பக்க டயருக்குப் பிடிமானம் இல்லேன்னா அந்தப் பக்கம் கொஞ்சம் டார்க்தான் எடுத்துக்க முடியும். சாதாரண டிஃபரன்ஷியலோட சட்டப்படி மறுபக்கத்துக்கும் அதே அளவுதான் கிடைக்கும். அதனாலதான் ஒரு டயர் மட்டும் சுத்திட்டே இருக்கு, வண்டி நகர மாட்டேங்குது. இது ஒரு வகையில பாதுகாப்பும்கூட: டயர் வழுக்கும்போது ஷாஃப்ட் மேல பெரிய சுமை வராது. எலெக்ட்ரிக்கல் பசங்க பாஷையில சொன்னா டயர்தான் ஃபியூஸ்.

ஆபத்து ரெண்டு இடத்துல இருக்கு. ஆக்ஸிலரேட்டரை மிதிச்சு டயர் வேகமா சுத்திட்டிருக்கும்போது அடியில ஒரு பாறையோ, யாரோ போட்ட கல்லோ சிக்கினா டயர் சட்டுன்னு பிடிச்சுக்கும். அந்த நொடியில ஷாஃப்ட் தாங்க வேண்டியது இன்ஜின் டார்க்கை மட்டும் இல்ல, சுத்திட்டிருந்த ஃப்ளைவீலோட இனர்ஷியாவையும் சேர்த்து. அடுத்தது டிஃப் லாக். லாக் போட்டதும் ஆளுக்குப் பாதிங்கிற சட்டம் போயிடும். பிடிமானம் இருக்கிற ஒரே பக்கத்துக்கு 37,800ல கிட்டத்தட்ட முழுசும் போகலாம். ஃபியூஸை எடுத்துட்டு கம்பியை முறுக்கி வெச்ச மாதிரி.

இன்னொண்ணு கண்ணுக்குத் தெரியாம நடக்கும். ஸ்பீடோமீட்டர் 20 காட்டுது, ஒரு டயர் நிக்குதுன்னா மறு டயர் 40ல சுத்துதுன்னு அர்த்தம். டிஃபரன்ஷியலுக்குள்ள இருக்கிற குட்டி பினியன்கள் வளைவுல மெதுவா உருள்றதுக்காக செஞ்சது. இப்போ அதோட பின் மேல வேகவேகமா சுத்துது. அஞ்சு நிமிஷம் இப்படி ஓடினா பின்னும் வாஷரும் சூடேறித் தேய ஆரம்பிக்கும். அதனால டயர் சுத்த ஆரம்பிச்சா மிதிக்கிறதை நிறுத்துங்க, மண்வெட்டியை எடுங்க.

வண்டி நகரவே இல்லேன்னா

இன்ஜின் ஓடுது, கியர் விழுது, கிளட்சை விட்டா வண்டி அசையல. இதைக் கண்டுபிடிக்கிறதுதான் இருக்கிறதுலேயே சுலபம். சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்க. வண்டிக்கு அடியில யாரும் போகக் கூடாது. ஒருத்தர் கியரைப் போட்டு கிளட்சை விடட்டும், இன்னொருத்தர் பக்கவாட்டுல தள்ளி நின்னு குனிஞ்சு ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைப் பாருங்க.

ஷாஃப்ட் சுத்தலேன்னா பிரச்சினை முன்னாடி இருக்கு, கிளட்ச் அல்லது கியர்பாக்ஸ். கருகின வாசனை வந்திருந்தா கிளட்ச் பிளேட்னு முக்கால்வாசி முடிவு பண்ணிடலாம். ஷாஃப்ட் சுத்துது, ஆனா டயர் சுத்தலேன்னா பிரச்சினை பின்னாடி: ஆக்ஸில் ஷாஃப்ட் உடைஞ்சிருக்கலாம், இல்ல கிரவுன் பினியன் பக்கம் ஏதோ போயிருக்கலாம். ரெண்டு டிரைவ் ஆக்ஸில் இருக்கிற வண்டியில ஒரே ஒரு ஷாஃப்ட் உடைஞ்சாலும் மொத்த வண்டியும் நின்னுடும், ஏன்னா ரெண்டு ஆக்ஸிலுக்கும் நடுவுலயும் ஒரு டிஃபரன்ஷியல் இருக்கு. அதோட லாக்கைப் போட்டா நல்லா இருக்கிற ஆக்ஸிலை வெச்சு மெதுவா காட்டை விட்டு வெளிய வரலாம்.

லாரியில ஆக்ஸில் ஷாஃப்டைப் பார்க்கிறது ஆச்சரியமா ஈஸி. அது ஃபுல் ஃப்ளோட்டிங் வகை. வண்டியோட எடையை ஹவுசிங்கும் ஹப் பேரிங்கும் தாங்குது, ஷாஃப்ட் முறுக்கை மட்டும்தான் கடத்துது. ஹப் முகத்துல இருக்கிற நட்டுகளைக் கழட்டி இழுத்தா ஷாஃப்ட் கையோட வரும். டயரைக் கழட்ட வேண்டாம், ஜாக்கியும் வேண்டாம். பாதி ஷாஃப்ட்தான் வந்ததுன்னா மீதி உள்ள இருக்கு. எதிர்ப்பக்க ஷாஃப்டையும் உருவிட்டு அந்தப் பக்கமா நீளமான பைப்பை விட்டுத் தட்டித் தள்ள முயற்சி பண்ணுவாங்க. கார், ஜீப் வகைகள் பலதுல செமி ஃப்ளோட்டிங். அங்க ஷாஃப்டே எடையையும் தாங்குது, அதனால உடைஞ்சா சக்கரமே வெளிய வந்துடலாம். ஒரே பேர், ஆனா விளைவு வேற.

உடைஞ்ச ஷாஃப்ட் கிடைச்சதும் தூக்கிப் போட்டுடாதீங்க. உடைஞ்ச முகத்தை டீசல்ல கழுவிப் பாருங்க. நம்ம மெட்டலர்ஜி கிளாஸ்ல தூங்கினவங்களுக்கும் இது தெரியும். முகம் முழுக்க ஒரே மாதிரி புதுசா பளபளன்னு இருந்தா அன்னைக்கு ஒரே அடியில உடைஞ்சது. ஒரு பகுதி மட்டும் கருத்து வழுவழுன்னு, ஆத்து மணல்ல தண்ணி வடிஞ்ச தடம் மாதிரி வரிவரியா இருந்து, மீதி மட்டும் புதுசா இருந்தா, விரிசல் ரொம்ப நாளைக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருக்கு. காடு கடைசித் தட்டு மட்டும்தான் தட்டியிருக்கு. பெரும்பாலும் முதல்ல திட்டு வாங்குறது டிரைவர் அண்ணன்தான். அவரைக் கேள்வி கேட்கிறதுக்கு முன்னாடி அந்த முகத்தைப் பார்க்கிறது நியாயம்னு நான் நினைக்கிறேன். ஸ்ப்ளைன் பல்லுகள் நேரா இல்லாம முறுக்கிக்கிட்டு இருந்தா அதுவும் பழைய கணக்குதான். எதிர்ப்பக்க ஷாஃப்டோட ஸ்ப்ளைனையும் அப்பவே பார்த்துடுங்க.

இதுல உயிர் விஷயம் ஒண்ணு இருக்கு. ஆக்ஸில் ஷாஃப்ட் உடைஞ்சா வண்டி நகராதது மட்டும் இல்ல, கியர் வண்டியைப் பிடிச்சும் வைக்காது. ஃபர்ஸ்ட் கியர்ல நிறுத்தியிருக்கேன்னு நம்பினா ஏமாந்தோம், ஏன்னா சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் தொடர்பே அறுந்து போச்சு. இறக்கத்துல இன்ஜின் பிரேக்கும் கிடையாது. கொல்லிமலையோட 70 கொண்டை ஊசி வளைவுல இறங்கும்போது இன்ஜின் பிரேக் இல்லேன்னா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க. ஏர் பிரேக் லாரியில பார்க்கிங் பிரேக் நேரா சக்கரத்துல வேலை செய்யுது, அதனால தப்பிச்சோம். பழைய ஜீப்கள்ல ஹேண்ட் பிரேக் டிரம் டிரான்ஸ்ஃபர் கேஸ் பின்னாடி, ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் மேல இருக்கும். அந்த ஷாஃப்டைக் கழட்டினா கியரும் போச்சு, ஹேண்ட் பிரேக்கும் போச்சு. கட்டை வைக்காம கீழ படுத்து ஷாஃப்ட் போல்ட்டைக் கழட்டவே கழட்டாதீங்க.

நகருது, ஆனா சத்தம் போடுது

இங்கதான் பொறுமை வேணும். கேட்க வேண்டிய கேள்வி 'எங்க இருந்து சத்தம் வருது'ங்கிறது இல்ல. சேஸிஸ் ஒரே இரும்பு, எங்க தட்டினாலும் எல்லா இடத்துலயும் கேட்கும். 'எதை மாத்தினா சத்தம் மாறுது'ன்னு கேளுங்க.

முதல்ல வண்டி வேகம். ஒரு வேகத்துல சத்தம் வரும்போது கியரை நியூட்ரல்ல தள்ளி (காலி சமதள ரோட்டுல, ஒரு சில நொடி மட்டும்) உருள விடுங்க. சத்தம் அப்படியே இருந்தா இன்ஜினும் கிளட்சும் நிரபராதி; பின்னாடி சுத்துற ஏதோ ஒண்ணு. நின்னா, இன்ஜின் பக்கமோ, சுமை ஏறினா மட்டும் கத்துற பல்லோ. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ஊளை, விட்டதும் அமைதின்னா கிரவுன் பினியன் பல்லோட முன்பக்கம். விடும்போது மட்டும் ஊளைன்னா பின்பக்கம். வேகம் கூடக்கூட 'ம்ம்ம்'னு ஏறி, ஸ்டியரிங்கை லேசா இடமும் வலமும் ஆட்டும்போது கூடிக் குறையுதுன்னா ஹப் பேரிங். இடப்பக்கம் திரும்பும்போது எடை வலப்பக்கம் சாயும். அப்போ சத்தம் கூடினா முதல்ல வலப்பக்கத்தைச் சந்தேகப்படுங்க. முன் சக்கரத்துக்கு டிரைவ் இருக்கிற கார்னா, முழுசா ஸ்டியரிங்கை ஒடிச்சுத் திரும்பும்போது 'டிக் டிக் டிக்'னு வந்தா சிவி ஜாயிண்ட். பாஹா வண்டி கட்டுற டீம் பசங்களுக்கு இது மனப்பாடம். பூட் ரப்பர் கிழிஞ்சு மண்ணு உள்ள போனா கிரீஸ் அரைக்கிற பேஸ்டா மாறிடும்.

இப்போ கணக்கு. லாரி டயரோட சுற்றளவு சுமார் 3.3 மீட்டர். 40 கிலோமீட்டர் வேகம்னா நொடிக்கு 11.1 மீட்டர். அப்போ சக்கரம் நொடிக்கு 3.4 தடவை சுத்துது. ஆக்ஸில் ரேஷியோ 6னா ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் 20 தடவை. கிராஸ் தகராறு ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை தெரியும், அதாவது 40. கிரவுன்ல 37 பல்லு இருந்தா நொடிக்கு சுமார் 125 பல்லு மோதுது. ஆக, 'தடக் தடக்'னு எண்ண முடியிற அளவு ஆட்டம்னா சக்கரம், சீட்டுல உடம்பு கூசுற அதிர்வுன்னா ஷாஃப்ட், காதுல பாட்டு மாதிரி கேட்டா பல்லு. ஃபோன்ல அதிர்வு அளக்கிற இலவச ஆப் போட்டு சீட்டு மேல வெச்சா உச்சி எங்க நிக்குதுன்னு காட்டும். பட்டறை அண்ணன்மார் ஆப் இல்லாம காதுலயே இதைப் பண்றாங்கங்கிறது வேற விஷயம்.

சக்கரக் கணக்கு வந்தா, எதையும் கழட்டாம முதல்ல ரிம்மைக் கழுவுங்க. உள்பக்கம் கைவிட்டு மண்ணைச் சுரண்டுங்க. ரெட்டை டயருக்கு நடுவுல கல்லு மாட்டியிருக்கான்னும் பாருங்க. செம்மண் காஞ்சா சிமெண்ட் மாதிரி பிடிச்சுக்கும், ஒரு பக்கமா ஒரு கிலோ ஒட்டினாலே ஆட்டம் காட்டும்.

ஷாஃப்ட் கணக்கு வந்தா கிராஸைப் பாருங்க. மறுபடியும் சக்கரத்துக்குக் கட்டை, பார்க்கிங் பிரேக், இன்ஜின் ஆஃப், நியூட்ரல். ஷாஃப்டைக் கையால முன்னும் பின்னும் முறுக்குங்க, மேலும் கீழும் ஆட்டுங்க. கிராஸோட கப் ஓரத்துல செங்கல் பொடி மாதிரி துருப்பொடி தெரிஞ்சா உள்ள கிரீஸ் செத்துப் போச்சு, ஊசி ரோலர்கள் அரைஞ்சிட்டிருக்குன்னு அர்த்தம். ரிவர்ஸ்ல இருந்து ஃபர்ஸ்ட் கியருக்கு மாத்தும்போது வர்ற 'டக்'கும் பல நேரம் இதுதான். கிராஸ் முழுசா விட்டு, ஷாஃப்டோட முன் முனை கீழ விழுந்து ரோட்டுல குத்தினா வண்டியையே தூக்கி எறியலாம். பொடி தெரிஞ்சா 'ஊருக்குப் போய் பார்த்துக்கலாம்' வேண்டாம்.

கிராஸ் மாத்துறதுல ஒரு சின்ன விஷயத்தைத் தவற விடுறவங்க அதிகம். கைனமாட்டிக்ஸ் பேப்பர்ல ஹூக் ஜாயிண்ட் படிச்சிருப்பீங்க: கோணத்துல ஓடும்போது ஒரு பக்கம் சீரா சுத்தினாலும் மறுபக்கம் ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை வேகம் கூடிக் குறையும். 10 டிகிரி கோணத்துல அந்த வித்தியாசம் சுமார் 3 சதவீதம், 20 டிகிரியில 12 சதவீதம். அதை ரத்து பண்ணத்தான் ஷாஃப்டோட மறு முனையில இன்னொரு கிராஸ். ஆனா ரெண்டு முனை யோக்கும் ஒரே தளத்துல இருந்தாத்தான் ரத்தாகும். ஷாஃப்ட் நடுவுல இருக்கிற ஸ்லிப் ஜாயிண்டைப் பிரிச்சு, ஒரு ஸ்ப்ளைன் பல்லு தள்ளிப் போட்டாலும் புது கிராஸோட புது அதிர்வும் கிடைக்கும். பிரிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் சேர்த்து ஒரு கோடு கிழிச்சு வைங்க. பெயிண்ட் இல்லேன்னா உளி போதும். கப்பைத் தட்டி ஏத்தும்போது ஒரு ஊசி ரோலர் படுத்துக்கிட்டாலும் கப் முழுசா உக்காராது. சர்க்ளிப் பள்ளத்துல விழலேன்னா அடிச்சு ஏத்தாதீங்க, கழட்டிப் பாருங்க. கடைசியா கிரீஸ் கன்னால நாலு சீல் வழியாவும் பழைய கிரீஸ் வெளிய வர்ற வரைக்கும் அடிங்க. மூணுல வந்து ஒண்ணுல வரலேன்னா அந்த நாலாவதுதான் அடுத்து போகப் போறது.

புது கிராஸ் ஒரே மாசத்துல மறுபடி போச்சா? கிராஸைத் திட்டாம கமான் பட்டையைப் பாருங்க. பட்டைகளை ஆக்ஸிலோட கோர்த்து இடம் மாறாம பிடிக்கிறது நடுவுல இருக்கிற சென்டர் போல்ட். யூ போல்ட் தளர்ந்து, வரப்பு ஏறி இறங்குற இழுப்புல சென்டர் போல்ட் அறுந்தா ஆக்ஸில் ஒரு பக்கமா பின்னாடி நகர்ந்துடும். ஷாஃப்ட் கோணம் கெட்டுப் போகும், வண்டி நண்டு மாதிரி சாய்ஞ்சு ஓடும். டேப் எடுத்து முன் பட்டை பின்ல இருந்து ஆக்ஸில் வரைக்கும் ரெண்டு பக்கமும் அளந்தா நிமிஷத்துல தெரிஞ்சிடும்.

தண்ணி குடிச்ச ஹவுசிங்

ரோட்டுல ஓடி சூடான ஆக்ஸில் நேரா ஓடைத் தண்ணிக்குள்ள இறங்கினா உள்ள இருக்கிற காத்து சுருங்கும். அதைச் சமன் பண்ண ஹவுசிங் மேல பிரீதர்னு ஒரு சின்ன மூச்சுக்குழல் இருக்கு. அது மண்ணு அடைச்சுக்கிட்டா, ஹவுசிங் ஆயில் சீல் வழியா தண்ணியை உறிஞ்சிக்கும். சீல் நல்லா இருந்தாலும்கூட. ஆயில் வெளிய வராம தடுக்கத்தான் அந்த சீலோட உதடு. உள்ள போறதைத் தடுக்கிறதுல அது அவ்வளவு கெட்டி இல்ல.

தண்ணியில இறங்கின வண்டியோட லெவல் பிளக்கைத் திறந்து விரலை விட்டுப் பாருங்க. ஆயில் பால் காபி நிறத்துல வந்தா தண்ணி கலந்திருக்கு. அப்படியே ஓட்டினா பல்லு மேல ஆயில் படலம் நிக்காது, பேரிங் துருப்பிடிக்கும். முழுசா வடிச்சு, கொஞ்சம் புது ஆயில் ஊத்தி மெதுவா ஓட்டி, அதையும் வடிச்சு, பிறகு நிரப்புங்க. ஹைபாய்டு கிரவுன் பினியனுக்கு பெரும்பாலும் ஜிஎல்-5 வகைதான் கேட்கும். கியர்பாக்ஸுக்கும் அதையே ஊத்தலாமான்னு வண்டிப் புத்தகத்தைப் பார்க்காம முடிவு பண்ணாதீங்க, ஏன்னா சில கியர்பாக்ஸ்ல பித்தளை சிங்க்ரோ வளையத்துக்கு அது ஆகாது. பிரீதரைக் கழட்டி ஊதிப் பார்க்காம ஆயில் மட்டும் மாத்தினா அடுத்த ஓடையில இதே கதை.

வடிக்கும்போது டிரெயின் பிளக்கைத் துடைச்சுப் போட்டுடாதீங்க. நிறைய வண்டிகள்ல அதுல காந்தம் இருக்கும். அது மேல மை மாதிரி சாம்பல் நிறப் பசை இருந்தா பரவாயில்ல, வழக்கமான தேய்மானம். நகத்துல சிக்குற மாதிரி செதில் இருந்தா பேரிங். முனை உடைஞ்ச பல்லுத்துண்டு வந்தா ஹவுசிங்கைத் திறந்துதான் ஆகணும். அந்தத் துண்டு எந்தப் பல்லுல இருந்து வந்ததுன்னு வெச்சுப் பொருத்திப் பாருங்க, மீதித் துண்டையும் தேடி எடுங்க. கிரவுனும் பினியனும் ஜோடியா தேய்ச்சுச் சேர்த்தது, ஒண்ணு போனா ரெண்டையும் ஜோடியாத்தான் மாத்தணும். மாட்டின பிறகு பல்லு மேல மார்க்கிங் நீலம் தடவிச் சுத்தி, தடம் பல்லோட நடுவுல விழுதான்னு பார்த்துட்டு ஆயில் ஊத்துங்க.